நல்லதம்பியும் சிரட்டைச் சோறும்

சிரட்டையில் மண்ணை அள்ளிச் சோறு என்பார்கள்; பூவரச இலையைக் கிள்ளிப் போட்டுக் குழம்பு என்பார்கள்; அப்பா ஒருவன், அம்மா ஒருத்தி, அழும் பிள்ளையாக ஒரு துணிச்சுருள். குழந்தைகள் நடத்தும் இந்தக் குடித்தனத்தைக் காணாத தமிழர் உண்டோ? கல்குளம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பால்வாடித் திண்ணையில், அண்மையில் அதை நான் கண்டேன். அம்மாவாக அமர்ந்திருந்த சிறுமிக்கு நான்கு வயதுக்கு மேல் இராது. அப்பாவாக நின்றவனுக்கும் அவ்வளவே. அவன் வேலைக்குப் போனான், திரும்பி வந்தான். எப்படி வந்தான்? கால்கள் பின்ன, தலை தொங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்! "ஏட்டி, சோறு எங்கே?" என்றான். அவன் கை உயர்வதற்கு முன்பே அந்தச் சிறுமி இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆயா சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அடி விழவில்லை, கைகூட ஓங்கப்படவில்லை. ஆயினும் அவள் குனிந்தாள். ஓங்கும் முன்பே குனிய வேண்டும் என்ற பாடத்தை அரிச்சுவடி அறியாத அந்தப் பிஞ்சுக்கு யார் கற்பித்தார்கள்? தள்ளாடி நடக்கும் நடையை அந்தச் சிறுவனுக்கு எந்த நாடக ஆசான் பயிற்றுவித்தார்?

நம் இலக்கியத்தின் மீதும், நம் திரைப்படத்தின் மீதும், நம் இயக்கத்தின் மீதும் ஒரு குறையைச் சொல்ல எண்ணியே இந்தத் திண்ணைக் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். குடியைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை, ஆடாத நாடகமில்லை. ஆனால் அந்தப் பேச்செல்லாம் யாரை நோக்கிப் பேசப்பட்டது?

நாஞ்சில் நாட்டிலிருந்தே தொடங்குவோம். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், சிரிப்பைச் சீர்திருத்தக் கருவியாக்கிய செம்மல். அவர் நடித்து 1949-இல் வெளிவந்த "நல்லதம்பி" படத்துக்குக் கதை உரையாடல் தீட்டியவர் அறிஞர் அண்ணா. இயக்கியவர்கள் கிருஷ்ணன் பஞ்சு. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு விரிந்தது 1948 அக்டோபர் 2-இல். அதன் சூடு ஆறுமுன் வந்த இந்தப் படம் மதுவிலக்கைப் பாட்டாலும் நகைச்சுவையாலும் மக்களிடம் கொண்டு சேர்த்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கலைவாணரின் சொந்த மண்ணாகிய நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரோடு பிணைந்து கிடந்தது. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணையும் வரை, அவர் மேடைதோறும் புகழ்ந்த சென்னைச் சட்டம் அவர் பிறந்த தெருவைத் தொடவில்லை!

அதே படத்தில்தான் கிந்தனார் காலட்சேபம் வருகிறது. நந்தனைத் தில்லைக்கு அனுப்பிய பழைய கதையைப் புரட்டிப் போட்டு, கிந்தனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார் கலைவாணர். இறைவன் திருவடியில் சோதியாய்க் கரைந்தான் நந்தன். கல்வி பெற்று நிமிர்ந்தான் கிந்தன். பகுத்தறிவாளர் நெஞ்சில் இதைவிட இனிக்கும் காட்சி எது? ஒரே படத்தில் குடிக்கு எதிராகவும் குரல் எழுந்தது. கல்விக்கு ஆதரவாகவும் குரல் எழுந்தது. இதன் சிறப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

எனினும் திறனாய்வு என்று வந்தபின் தராசைக் கையில் எடுக்கத்தான் வேண்டும். இரண்டு குரல்களும் ஒரே படத்தில் ஒலித்தன. ஆனால் ஒன்றை ஒன்று சந்திக்கவில்லை. மதுவிலக்குக் குரல் குடிக்கிறவனை அழைத்து, "திருந்து" என்கிறது. கல்விக் குரல் ஒடுக்கப்பட்ட சிறுவனை அழைத்து, "படி" என்கிறது. குடிக்கிறவனின் வீட்டிலேயே ஒரு சிறுவன் இருக்கிறானே, அவன் படிக்கப் போகும் முன்பே, ஐந்து வயதுக்குள்ளேயே, வேறொரு படிப்பை இரவுதோறும் படித்து முடிக்கிறானே, அந்தச் சிறுவனுக்கு எந்தக் குரல்?

இது கலைவாணர் ஒருவரின் குறையன்று. வள்ளுவப் பெருந்தகையைப் பாருங்கள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பத்துக் குறளும் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். குடித்து வந்த மகனைக் கண்டால் பெற்ற தாயின் முகமும் வாடும் என்கிறார். சான்றோர் முகம் வருகிறது. ஊரார் நகைப்பு வருகிறது. நாணம் புறங்காட்டி ஓடுவதும் வருகிறது. குடித்தவனின் மனைவி முகம் வரவில்லை. குழந்தை முகம் வரவில்லை. மழலையின் இனிமையை மக்கட்பேற்றில் அப்படிப் பாடியவர், அந்த மழலை அச்சத்தால் அடைத்துப் போகும் இரவை இங்கே பாடவில்லை. கள்ளுண்ணாமையை இல்லறவியலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்ததே இதற்குக் காரணமோ என்று எனக்கு ஓர் ஐயம். புலவர்கள் சினவாமல் இதை ஆராயட்டும்.

வீட்டுக்குள் நுழைந்த ஒரு நாஞ்சில் நூல் இல்லாமல் இல்லை. தேரூர் தந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் "நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்" அது. 1917, 1918 ஆண்டுகளில் "தமிழன்" இதழில் தொடராக வந்து, பின்னரே நூலாயிற்று. ஒரு கணவனின் ஐந்தாம் மனைவி தன் வாயால் சொல்லும் துயரக் கதை. சொத்து மகனுக்கில்லை, மருமகனுக்கே என்ற முறை எப்படி மனைவியை வேலைக்காரியாக்கியது, எப்படிப் பெற்ற பிள்ளையை அயலானாக்கியது என்பதை நகைச்சுவையில் தோய்த்து எழுதினார். மாமியாரின் ஆட்சிக்கு "மாமி அரசியற் படலம்" என்று பெயரிட்டார். வழக்காடி வீடு அழிந்ததற்குக் "கோடேறிக் குடிமுடித்த படலம்" என்றார். புராணப் படலங்களைக் கேலி செய்துகொண்டே புழக்கடைக் கண்ணீரைக் காட்டிய அந்தத் துணிவு அன்றைய தமிழில் அரிது. நூல் சிரிக்க வைத்ததோடு நிற்கவில்லை. மருமக்கள் வழிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்குத் துணை நின்றது. 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கான சட்டம் வந்தது. மக்களுக்கும் சொத்தில் உரிமை பிறந்தது. கவிதை ஒன்று சட்டத்துக்கு வழி திறந்த வரலாறு தமிழில் எத்தனை உண்டு?

ஆனால் இங்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. மருமக்கள் வழி போயிற்று, மக்கள் வழி வந்தது, அடி போயிற்றா? கவிமணி நோயின் வேரைச் சொத்துரிமையில் கண்டார். அதை வெட்டினால் மரம் சாயும் என்று நம்பினார். வேர் ஒன்றல்லவே! அதே கவிமணிதான் குழந்தைகளுக்காக வெள்ளைப் பசுவையும் கன்றுக்குட்டியையும் பாடினார். இன்றும் பால்வாடிகளில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. அதே கவிமணிதான் உமார் கய்யாமின் மதுக் கிண்ணத்தையும் தமிழுக்குக் கொண்டு வந்தார். வீட்டுத் துயரும், மதுக் கிண்ணமும், குழந்தைப் பாட்டும் ஒரே கவிஞரின் மூன்று நூல்களில் தனித்தனியே கிடக்கின்றன. மூன்றும் ஒரே கூரைக்கடியில் இருக்கும் இல்லங்கள் ஆயிரமாயிரம். அவற்றைப் பாடிய நான்காம் நூல் பிறக்கவே இல்லை.

பின்வந்த திரைப்படங்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. குடிகாரன் பெரும்பாலும் கோமாளி. கோமாளி இல்லையென்றால், பதினைந்தாம் ரீலில் மனைவி காலில் விழுந்து திருந்தும் கதாநாயகன். மனைவி மன்னிப்பாள், குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும், திரை விழும். அந்தக் குழந்தையின் கைகள் முந்தின நாள் வரை எங்கே இருந்தன என்று கேட்பாரில்லை.

இலக்கியம் குடிப்பவனையே பார்த்தது போல, ஆட்சியும் குடிப்பவனையே பார்த்தது. அந்த வரலாற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். நம் வீட்டுக் குப்பையைப் பாயின் கீழ் தள்ளுவது பகுத்தறிவாகாது. 1921-இல் கள்ளுக்கு எதிராகப் பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலுக்கு முன்நின்றார்கள். அதே பெரியார் பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தை ஏற்கவில்லை. 1937-இல் சேலத்தில் இராசாசி தொடங்கிய மதுவிலக்கை, ஆட்சிக்கு வந்த அண்ணா கைவிடவில்லை; அண்ணா மறைந்தபின் 1971-இல் கழக ஆட்சியே கடையைத் திறந்தது, 1974-க்குள் மூடவும் செய்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 முதல் அரசே சில்லறைக் கடைக்காரராயிற்று. 2016-இலும், 2017-இலும், 2023-இலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமே கொள்கையாய்ப் போயிற்று!

இந்தக் குமரி மாவட்டத்திலேயே அதற்கு ஓர் உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டதை மறக்க இயலுமா? மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரி, 2015 சூலை 31-ஆம் நாள் அலைபேசிக் கோபுரத்தில் ஏறி நின்று போராடிய காந்தியவாதி சசிபெருமாள் அன்றே உயிரிழந்தார். சேலத்திலிருந்து வந்த முதியவர், தமக்கு எந்த உறவும் இல்லாத ஓர் ஊரின் பெண்களுக்காக மாண்டார். அவருடைய காந்தியம் நம் வழியன்று. அவருடைய உறுதிக்கு நாம் தலை வணங்குவோம். கடையை மூடு என்பது நேர்மையான முழக்கம். பள்ளிக்கு அருகிலும் குடியிருப்பின் நடுவிலும் கடை வைப்பதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் கடை மூடிய மறுநாள் காலை அந்த வீட்டுக் குழந்தையின் அச்சம் நீங்கிவிடுமா?

கணக்கைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை நாடெங்கும் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். பக்கத்துக் கேரளத்தில் அது ஏறத்தாழ 10. அகில இந்திய அளவில், அடிக்கடி வெறிக்கக் குடிக்கும் கணவர்களின் மனைவியரில் 70 விழுக்காட்டினர் உடலாலோ பாலியல் வகையிலோ கொடுமைக்குள்ளாகியிருக்கிறார்கள். குடியாத கணவர்களின் மனைவியரில் 23 விழுக்காட்டினர். முதல் எண்ணைக் கண்டு பதறுகிறவர்கள் இரண்டாம் எண்ணையும் சற்று நின்று பார்க்க வேண்டும். குடிப்பவன் மட்டுமல்ல, குடியாதவனும் அடிக்கிறான்! மது தீயை வளர்க்கிறது. விறகு வேறெங்கிருந்தோ வருகிறது. ஆணின் கை ஓங்கலாம், பெண்ணின் தலை குனிய வேண்டும் என்ற நினைப்புத்தான் அந்த விறகு. அது எங்கே வெட்டப்படுகிறது? நான் கண்ட அந்தத் திண்ணையில், சிரட்டைச் சோற்றுக்கு முன்னால்! தாய் அடிபடக் கண்டு வளர்ந்த பெண்கள் தாங்களும் கணவனிடம் அடிபடுவது, காணாதவர்களை விட இருமடங்குக்கும் மேல் என்று அதே ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் சிறுமி குனிந்ததற்குப் பொருள் இதுதான்.

"படிப்பு வந்தால் எல்லாம் மாறும்" என்று சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றது இந்தக் குமரி மாவட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்றொருவருக்கும் மேல் எழுத்தறிந்தவர்கள். 1819-இலேயே மால்ட் தம்பதியர் வந்து நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய மண். தோளில் சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் போராடி வென்ற மண். அந்த மண்ணிலேதான் பின்மாலையில் மதுக்கடை வரிசையும், இரவில் ஓலமும், கல்லூரி வாயிலருகே கஞ்சாப் பொட்டலமும். எழுத்தறிவு வந்தது, வருக! அறிவு வரும் வயதுக்கு முன்பே அச்சம் வந்து குடியேறிவிட்டால், எழுத்து என்ன செய்யும்?

குடியை நிறுத்த இங்கே என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருத்தி மந்திரித்த கயிற்றைக் கணவன் தலையணைக்கடியில் வைக்கிறாள். மற்றொருத்தி நாற்பது நாள் விரதம் இருக்கிறாள். இன்னொருத்தி வெள்ளிதோறும் குணமளிக்கும் கூட்டத்துக்குச் சென்று முழந்தாளிட்டு அழுகிறாள். மதம் மூன்று, மடமை ஒன்று. கல்லானாலும் கணவன் என்று சொல்லிக் கொடுத்த பாட்டி, அந்தக் கல் எறியப்பட்டால் எங்கே ஓடுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. மதுவுக்கு அடிமையாவது பேய் பிடிப்பதும் அன்று, தலைவிதியும் அன்று. மருத்துவம் உள்ள ஒரு நோய். இதை அவளிடம் அமைதியாய், பழிக்காமல், யார் போய்ச் சொல்வது? நாம் மேடை போட்டு ஒலிபெருக்கியில் சொல்கிறோம். அவள் கூட்டத்துக்கு வருவதில்லை. அவள் நாள்தோறும் வந்து நிற்கும் பொது இடம் ஒன்றே ஒன்று. காலையில் பிள்ளையை விடவும், பிற்பகலில் அழைத்துப் போகவும் வரும் பால்வாடி வாசல்.

இங்கே நான் இராபர்ட் ஓவனை அழைக்க வேண்டும். மதங்கள் அனைத்தையும் வெளிப்படையாக மறுத்த அந்த மனிதர், ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலைக்குப் பொறுப்பேற்றபோது, அங்கே பாட்டாளிகளிடையே குடியும் களவும் சண்டையும் மலிந்து கிடந்தன. பாதிரிமார் பாவம் என்றார்கள். முதலாளிமார் பிறவிக் குணம் என்றார்கள். ஓவன் இரண்டையும் மறுத்தார். மனிதனின் குணம் அவன் தானே செய்துகொண்டதன்று, அவனைச் சூழ்ந்தவை செய்து கொடுத்தது என்றார். சொன்னதோடு நில்லாமல் 1816 சனவரி முதல் நாளில் ஆலைத் தொழிலாளரின் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஆசிரியராக யாரை அமர்த்தினார் தெரியுமா? பண்டிதரை அல்ல! குழந்தைகளிடம் அன்பும் பொறுமையும் கொண்ட ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியையும், பதினேழு வயதுப் பெண் ஒருத்தியையும். அவர்களுக்கு இட்ட முதற்கட்டளை இது: எந்தக் காரணத்துக்காகவும் அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, கடுஞ்சொல் கூடாது. குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: உன்னோடு விளையாடுகிறவனை மகிழ்ச்சியாய் வைத்திருக்க உன்னாலானதைச் செய்.

வீட்டில் அடியும் வசையும் தவிர வேறறியாத குழந்தைக்கு, அடியில்லாமலும் ஒரு நாள் கழியும், வசையில்லாமலும் ஒரு மனிதர் பேசுவார் என்று கண்ணால் காட்டியது அந்தப் பள்ளி. அச்சம் இயற்கையன்று, மாற்றத்தக்கது என்பதைத் தருக்க நூலால் அல்ல, விளையாட்டால் மெய்ப்பித்தது. பகுத்தறிவுக்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் இருக்க முடியுமா?

ஓவனை ஆசைக்கனவுக்காரர் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர்களுக்காகப் பின்னாளைய இரண்டு சோதனைகள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி என்ற நகரில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஒன்று. வறுமையில் வாடிய கறுப்பினக் குழந்தைகள் 123 பேரில் ஒரு பகுதியினரைப் பள்ளியில் சேர்த்தார்கள், மற்றவர்களைச் சேர்க்கவில்லை. எல்லாரையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள், பள்ளிக்குப் போனவர்களில் 36 விழுக்காடு, போகாதவர்களில் 55. சிக்காகோவில் 1967-இல் தொடங்கிய குழந்தை பெற்றோர் மையங்கள் மற்றொன்று. அங்கே பெற்றோரும் கிழமைக்கு அரைநாளாவது வந்து பங்கேற்க வேண்டும். அந்தக் குழந்தைகள் பதினேழு வயதை எட்டுமுன் வீட்டில் கொடுமைக்குள்ளானதாக முறைமன்றம் ஏறிய வழக்குகள் நூற்றுக்கு ஐந்து. ஒப்பிடப்பட்ட மற்றக் குழந்தைகளிடையே பத்துக்கும் மேல். ஏறத்தாழ பாதி! பள்ளிக்கூடத்தில் நடந்தது வீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இது சான்று.

உடனே கைதட்டிவிட வேண்டாம். அந்தப் பள்ளிகளில் நடந்ததையும், நம் பால்வாடியில் நடப்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெர்ரி பள்ளியில் ஆறு குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவு. கிழமைதோறும் அந்த ஆசிரியரே ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று ஒன்றரை மணி நேரம் தாயோடு உட்கார்ந்தார். இங்கே? தமிழகத்தில் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, இத்தனை நெருக்கமாய் ஒரு பொது நிறுவனம் வேறில்லை. 1920-இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் ஊற்றிய உணவு, காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982-இல் இரண்டு வயதுக் குழந்தை வரை வந்து சேர்ந்தது. பட்டினியை விரட்டிய அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வயிற்றை நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று நாம் எண்ணிவிட்டோம். "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று அழகான பெயரில் பாடத்திட்டம் இருக்கிறது. ஆடவும் பாடவும் நேரம் வேண்டுமே? டீச்சர் என்று ஊரார் அன்போடு அழைக்கும் அந்தப் பெண், எடை பார்க்க வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். சத்துமாவு கொடுக்க வேண்டும். கருவுற்ற தாயைப் பார்க்க வேண்டும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலோடு வெயிலில் அலைய வேண்டும். அவள் பெறுவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. மதிப்பூதியம் என்று பெயர். மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு!

இத்தனைக்கும் நடுவில் அவளுக்குத் தெரியாதது எது? ரப்பர் தோட்டத்தில் இருளோடு பால் வெட்டப் போய், நண்பகலுக்குள் வீடு திரும்பி, பிற்பகலைக் கடையில் கழிப்பவன் யார் என்று தெரியும். விடியலில் முந்திரி ஆலைக்கு ஓடும் தாய் எந்தக் குழந்தையை யார் பொறுப்பில் விட்டுப் போகிறாள் என்று தெரியும். ஆழ்கடலுக்குப் போன படகு கரை சேர்ந்த மறுநாள், கடற்கரை ஊரில் எந்தப் பிள்ளை வரவில்லை என்று தெரியும். எடைக் கோடு எந்தத் திங்களில் கீழே வளைந்தது என்று தெரியும். தொட்டால் துள்ளி விலகும் குழந்தை எது, கூட்டத்தில் பேசாமல் மூலையில் ஒதுங்கும் குழந்தை எது, பிற குழந்தைகளைக் கடிக்கும் குழந்தை எது என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும். போலீசுக்கும் மருத்துவருக்கும் ஆண்டுகள் கழித்துத் தெரிவது அவளுக்குத் திங்கட்கிழமை காலையிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்து என்ன செய்ய? கேட்க யாருமில்லை.

அவளைப் போலீசாக்கு என்று நான் சொல்லவில்லை. அதே தெருவில் வாழ்கிறவள் அவள். அடிக்கிறவன் அண்டைவீட்டான்; சில வேளை உறவினன்; சில வேளை ஊர்க் கட்சித் தலைவன். அவள் பெயரில் புகார் போனால் அடுத்த கல் அவள் கூரையில் விழும். தனக்கே அந்தத் துயர் உள்ள டீச்சர்களும் உண்டு. ஆகவே சுமையைக் கூட்டுவது வழியன்று. துணையைக் கூட்டுவதே வழி. இருவர் செய்யும் வேலைக்கு மூவர் வேண்டும். அந்த மூன்றாமவரின் வேலை வீடு சென்று பேசுவது. திங்களுக்கொரு தாய்மார் கூட்டம் இப்போதும் நடக்கிறது, சத்துணவு பற்றி. அதிலேயே 2006 முதல் நடப்பிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் என்ன? அந்தச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார் என்பதும், 181 என்ற எண்ணைச் சுழற்றினால் பெண்ணுக்கும், 1098-ஐச் சுழற்றினால் குழந்தைக்கும் குரல் கொடுப்பார்கள் என்பதும், அரசு மருத்துவமனையில் குடிநோய்க்கு மருத்துவம் உண்டு என்பதும், ஒவ்வொரு பால்வாடிச் சுவரிலும் எழுதப்பட வேண்டாமா? அகரவரிசைப் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதலாம், தாய் படிப்பாள்.

தந்தையரை என்ன செய்வது? அவர்கள் வரமாட்டார்கள் என்கிறார்கள். சிறிது வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன்: நாம் அழைத்ததில்லை. பால்வாடியைப் பெண்கள் காரியம் என்று ஒதுக்கிவிட்டோம். பெண்ணுரிமை பேசும் தோழர்களில் எத்தனை பேர், தன் குழந்தையைக் கைப்பிடித்து அந்த வாசலில் விட்டுவிட்டு, பத்து நிமிடம் உள்ளே நின்றிருக்கிறோம்? குடியாத, அடிக்காத ஓர் ஆண் பெருக்குமாறு எடுத்துத் திண்ணையைப் பெருக்குவதையும், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதையும் அந்தக் குழந்தைகள் கண்டால், மறுநாள் சிரட்டைச் சோற்று விளையாட்டில் அப்பா வேடம் எப்படி மாறும்? மேடையில் பெண்ணடிமை பற்றி இரண்டு மணி நேரம் முழங்குவதைவிட இது எளிது. ஆனால் கைதட்டல் கிடைக்காது.

திண்ணைக்கே திரும்புகிறேன். அன்று அந்த டீச்சர் சிரிக்கவில்லை என்பதை முதலில் சொல்ல மறந்தேன். எங்கள் சிரிப்பு ஓய்ந்ததும் அவர் எழுந்து போய் அந்தச் சிறுமியின் அருகில் மண்ணில் உட்கார்ந்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவாக நின்ற சிறுவனை அழைத்து, "இன்னைக்கு அப்பாதான் சோறு பொங்கணும், அம்மாவுக்குப் பசிக்குது" என்றார். அவன் விழித்தான். பிறகு சிரட்டையை எடுத்தான். மண்ணை அள்ளினான். அம்மா தலையிலிருந்து கைகளை எடுக்கச் சற்று நேரம் ஆயிற்று. எடுத்த பிறகு, குழம்பில் உப்புப் போதாது என்று குறை சொன்னாள்.

இந்தக் காட்சியை எழுத நம்மிடம் கலைவாணர் இல்லை, கவிமணியும் இல்லை. மதுக்கடையை மூடச் சொல்லும் நாடகம் எழுதும் இளைஞர்கள் ஊருக்கு நால்வர் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த நாடகத்தை எழுதுமுன், தங்கள் படிப்பகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பால்வாடியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வரட்டும்.